ஏறுவதற்கு ஒரு கல்

போன மாதம் இளைய நர்சுகள் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆளுக்கொரு ஸ்கூட்டர். எங்கள் வாசல் போதாமல் எதிர் வீட்டு வாசலையும் அடைத்து நிறுத்தினார்கள். இலக்கு வைத்து வெற்றி பெறுவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள். கையில் பளபளப்பான ஃபைல். அவர்களில் துடுக்கான ஒருத்தி கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்ல ஏதாவது ஒரு கோல் செட் பண்ணி அச்சீவ் பண்ணியிருக்கீங்களா? சீக்ரெட் இன்னான்னு சொல்லுங்க மேடம்."

"கல்லு" என்றேன்.

நால்வரும் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு, "அப்புறம் மேடம்?" என்றார்கள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் ஒருத்திக்கு போன் வந்தது, எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மீதிக் கதை தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் திலகவதி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத்தறி வீட்டில் பிறந்து, நான்கு வீடு தள்ளி இன்னொரு பட்டுத்தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிரசவம் பார்க்கும் நர்சு. அறுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் பதினெட்டு மாதம் பயிற்சி. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை கழுவு, கொதிக்க வை, மறுபடியும் கை கழுவு, இவ்வளவுதான். வேலைக்கு வந்தபின் எனக்கு மேலதிகாரியாக அமைந்தவர்தான் உண்மையான பாடம். ஹெல்த் விசிட்டர் என்பதால் அவரை ஊரெல்லாம் விசிட்டரம்மா என்றுதான் கூப்பிடும். பெயர் சுசீலா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், 'அப்படியா' என்பது அவர் வாயில் 'அவுனா' என்றுதான் வரும். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், உயரத்தில் என்னைவிடக் குறைவு. நானே நாலே முக்கால் அடி. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினால், முதலில் குடைதான் தெரியும்.

அவரிடம் ஒரு டைரி உண்டு. பென்சிலை நூலால் அதன் முதுகில் கட்டி வைத்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "கெணத்துக்கு மருந்து போடணும்மா" என்று ஊர்க்காரர் சொன்னால், "அவுனா? எந்தத் தேதி?" கம்பவுண்டர் தன் மகளுக்குக் கல்யாணம் பண்ண வேண்டும் என்று பொதுவாகப் பெருமூச்சு விட்டால், "எந்தத் தேதி?" பதில் சொல்லும்வரை பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். சொன்னால் எழுதிக்கொள்வார். ஒரு முறை எழுதிய தேதியை மாற்ற மாட்டார், அவருக்கே உடம்பு சரியில்லை என்றாலும். அந்த டைரியை எவருக்கும் காட்டியதும் கிடையாது. "அவங்க செத்துப் போற தேதியக் கூட எழுதி வெச்சிருப்பாங்க" என்று கம்பவுண்டர் முணுமுணுப்பார்.

இன்னொரு பழக்கம், பை சோதனை. பிரசவம் பார்க்கப் போகும் நர்சுக்கு ஒரு பை கொடுப்பார்கள். அதில் எல்லாம் இருந்தால் மட்டும் சுசீலம்மாவுக்குப் போதாது, வரிசையாக இருக்க வேண்டும். பைக்குள் முதலில் போவது குழந்தையை எடை பார்க்கும் தராசு. ஏனென்றால் அது கடைசியில்தான் தேவைப்படும். அதற்கு மேல் குழந்தையின் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. அதற்கு மேல் தொப்புள்கொடி கட்டும் நூலும் கத்தரிக்கோலும், அவற்றைக் கொதிக்க வைக்கும் எனாமல் கிண்ணமும். அதற்கு மேல் ஏப்ரன். எல்லாவற்றுக்கும் மேலே சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், துண்டு. உள்ளே நுழைந்ததும் கை கழுவ வேண்டுமே! வலியில் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்போது சோப்பைத் தேடிப் பையைக் குடைகிற நர்சு அவர் கண்ணில் நர்சே அல்ல. சோதனை நாளில் துண்டுக்கு அடியில் சோப்பு இருந்தால்கூட முழுப் பையையும் மேசைமேல் கவிழ்த்துவிடுவார். "மறுபடி அடுக்கு. கடைசியிலேர்ந்து ஆரம்பி" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் இன்னும் பயம்.

நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு உத்தரவு வந்தது. கிராமங்களில் இருக்கும் நர்சு ஒவ்வொருத்தியும் சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களைப் பார்க்க வேண்டும். அதற்கு சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களை எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். அப்போது காலியாக இருந்த இடம் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் கிடைக்கக்கூடியது திருப்புட்குழி ஒன்றுதான், எங்கள் வீட்டிலிருந்து எட்டு மைல். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் பயறு முடிந்து வேண்டிக்கொள்ளும் கோயில் அந்த ஊரில் இருக்கிறது. வரம் கொடுப்பது பெருமாள் வேலை, பிறக்க வைப்பது நம் வேலை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மலைக்குப் போகிறேன் என்று நான் மட்டும் மூட்டை கட்டிவிட முடியாது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தின் தறி குழித்தறி. வீட்டுக்குள் தரையைத் தோண்டி, குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்வது. "தறியத் தோண்டி எடுத்துக்கினு உம் பின்னாடி வர்றதுக்கு அது இன்னா வாழைமரமா?" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். வேலையை விட வேண்டும், இல்லையென்றால் வீட்டை விட வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும். அப்படிப்பட்ட பேராசைக்காரி நான்.

மறுநாள் சுசீலம்மாவின் முன்னால் போய் நின்றேன். "அம்மா, நான் சைக்கிள் கத்துக்கறேன். திருப்புட்குழிய எனக்கே குடுங்க."

"அவுனா?" என்றார். பென்சில் மேலே வந்தது. "எந்தத் தேதி?"

கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன், தேதியோடு போகவில்லை. சுவரில் நாள்காட்டி தொங்கியது. என் கண் போய் விழுந்த இடத்தில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அதைச் சொன்னேன். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று நாள்.

"அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு டாக்டரோட திருப்புட்குழியில இருப்பேன். பையோட வா. சைக்கிள்ல வா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். எழுதியவர் டைரியை மூடவில்லை. பல தாள்களைத் தள்ளி இன்னொரு பக்கத்துக்குப் போய் அங்கேயும் சின்னதாக ஏதோ எழுதினார். எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் எழுதியது சோதனைத் தேதி, இரண்டாவது என்னை மலைக்கு அனுப்பும் தேதி.

ஆபீஸ் ஸ்டோரில் ஒரு லேடீஸ் சைக்கிள் இரண்டு வருடமாகக் கோணி போர்த்திக்கொண்டு நின்றது. யாருக்கும் ஓட்டத் தெரியாததால் புத்தம் புதுசு. அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும், ஏகாம்பரம் பின்னால் பிடித்துக்கொள்ள, எங்கள் தெருவில் ஏறி உட்கார்ந்தேன்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலைக்கு நெடுக்கே ஓடும் பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்துச் சீர் செய்வார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை என்பதால், விடிந்ததிலிருந்து தெரு பாவுக்குத்தான் சொந்தம். நாய்கூட ஒதுங்கிப் போகும். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு, சைக்கிள் ஆசையில் அது மறந்துபோனது. ஏகாம்பரம் ஏழெட்டு வீடு ஓடியதும் மூச்சு வாங்கிக் கையை விட்டார். எதிரே தனக்கோட்டி அக்காவின் பாவு, பச்சைப் பட்டு. பிரேக்கைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் நான் மணியைப் பிடித்தேன். கிணிகிணி என்று மரியாதையாக மணி அடித்துக்கொண்டே பாவுக்குள் போய் விழுந்தேன்.

தனக்கோட்டி அக்கா தெருவுக்கே குரல் கொடுக்கக்கூடியவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன்டி, பொறக்கிற கொழந்தைக்குக் கொடி அறுக்கிறவ, எம் பாவ அறுத்துப் போட்டியேடி! மணி வேற அடிச்சிக்கினு வர்றா, தேர் வர்ற மாதிரி!"

தெருவே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. நாற்பத்தாறு இழை அறுந்திருந்தது. அரை நாள் லீவு சொல்லி அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்து இணைத்தேன். விரல் நுனியில் விபூதியைத் தொட்டுக்கொண்டு, அறுந்த இழையின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, சேர்த்து உருட்டி முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது, முடிச்சு தறியில் மாட்டும். எந்த முனைக்கு எது ஜோடி என்று பார்க்காமல் முறுக்கினால் பாவே கோணிக்கொள்ளும். அக்கா பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தாள். கடைசி இழை முடிந்ததும், "கை மட்டும் நல்ல கைதான்" என்றாள். பிறகு தெருவுக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள். "இனிமே அமாவாசை அன்னிக்குத்தான் இந்தத் தெருவுல இவ சக்கரம் சுத்தணும். மத்த நாள்ல சைக்கிள் வாசல்படி தாண்டக்கூடாது."

யாரும் மறுக்கவில்லை. அமாவாசை அன்று எங்களுக்குத் தறி ஓடாது, பாவும் நீட்ட மாட்டோம். தெரு காலியாக, துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். ஆனால் என் நாற்பது நாளில் எத்தனை அமாவாசை? இரண்டு!

ஊருக்கு வெளியே போய்ப் பழகலாமே என்று கேட்பீர்கள். பழகலாம். ஏழு மணிக்கு ஆபீஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊரைத் தாண்டுவதற்குள் வெளிச்சம் போய்விடும். போகிற வழியெல்லாம், "நர்சம்மா, பஞ்சரா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதும் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து, வேறு வேலை ஓடாமல், பிரசவப் பையைக் கவிழ்த்து மறுபடி அடுக்கினேன். தராசு, சொட்டு மருந்து, நூல், கத்தரி. சோப்பைக் கடைசியாக வைக்கும்போது மூளையில் ஏதோ தட்டியது. நான் சைக்கிளை சோப்பிலிருந்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்! ஏறி உட்கார்ந்து பார்ப்போம், அப்புறம் வருவது வரட்டும் என்று. கடைசியிலிருந்து ஆரம்பித்தால் என்ன?

கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். கடைசியில் நடக்க வேண்டியது: எட்டு மணிக்கு, பை கலையாமல், திருப்புட்குழி. அதற்கு முன், பையோடு எட்டு மைல். அதற்கு முன், பை இல்லாமல் மூன்று மைல். அதற்கு முன், விழாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை. இப்படிப் பின்னாலேயே வந்தபோதுதான், எனக்குச் சைக்கிள் தெரியாது என்பது ஒரே தெரியாமை இல்லை, நாலைந்து தெரியாமைகளின் கூட்டம் என்று புரிந்தது. மிதிக்கத் தெரியாது. பிரேக் எது மணி எது என்று கைக்குத் தெரியாது. சேலையைச் சமாளிக்கத் தெரியாது. பையைக் கேரியரில் கட்டத் தெரியாது. விழாமல் நிற்கத் தெரியாது. இதில் தெரு தேவைப்படுவது கடைசி ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் வாசல்படி தாண்டாமலே கற்றுக்கொள்ளலாம், தனக்கோட்டி அக்காவின் சட்டத்துக்கும் பங்கம் வராது.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. ஏகாம்பரம் தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "பைய அடுக்கிட்டு இன்னாத்துக்கு இப்டி சிரிக்கிற?" என்றார்.

பின்கட்டில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். தினம் அரை மணி மிதித்தேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே திடீரென்று "பாவு!" என்று கத்துவார், நான் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் பாதி நேரம் மணிதான் அடித்தது. அப்புறம் தூக்கத்தில் எழுப்பிப் "பாவு" என்று சொன்னாலும் பிரேக் பிடிப்பேன் என்ற அளவுக்கு ஆனேன். சேலைக் கொசுவத்தை எங்கே மடித்து எத்தனை ஊக்குக் குத்தினால் செயினில் மாட்டாது என்று பார்த்தேன், நான்கு. பையைக் கட்ட, தறியில் பயன்படும் பருத்திக் கயிறு ஒன்றை அவர் கொடுத்தார்.

முதல் அமாவாசை வந்தது, லீவு போட்டேன். தறி ஓடாத நாள் என்பதால் தெருவே வாசலில் உட்கார்ந்துவிட்டது. தனக்கோட்டி அக்கா ஒரு தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில். நான் விழுந்தபோதெல்லாம் அவள் எண்ணிச் சொன்னாள். பதினொன்று வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாவதுக்கு நான் விழவில்லை. மிதியும் பிரேக்கும் ஏற்கனவே காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்ததால், மனதை விழாமல் இருப்பதில் மட்டும் வைக்க முடிந்தது. மத்தியானத்துக்குள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தனியாகப் போனேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது, எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு சிக்கல். என் உயரத்துக்கு அந்தச் சைக்கிளில் தரையிலிருந்து ஏற முடியவில்லை. பாவின் கயிற்றைக் கட்டுவதற்காக எங்கள் தெருவோரத்தில் ஆங்காங்கே கருங்கல் நட்டிருக்கும். எங்கள் வாசல் கல்லின் மேல் நின்றுதான் ஏறினேன். தெருமுனையில் இறங்கினால், அங்கே இருந்த இன்னொரு கல்லில் ஏறித்தான் திரும்பி வந்தேன். கல் இல்லாத இடத்தில் முயன்றபோதெல்லாம் சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும்.

"அடுத்த அமாவாசைக்கு ஏறக் கத்துக்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

தாளை எடுத்துப் பார்த்தேன். மிச்சம் இருப்பது ஒரே அமாவாசை. அதை ஏறக் கற்பதில் செலவழித்தால், பையோடு நெடுந்தூரம் போய்ப் பழக நாள் இல்லை. தாளின் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். எட்டு மணிக்கு, பை கலையாமல், திருப்புட்குழி. கல் இல்லாமல் ஏற வேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

"ஏறக் கத்துக்கப் போறதில்ல" என்றேன். "கல்லத் தேடப் போறேன்."

மறு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் திருப்புட்குழிக்குப் போய், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்தே வந்தோம். மைல்கல் ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பார்த்தேன். மதகுச் சுவர், புளியமரத்தடியில் சுமை இறக்கி வைக்கும் கல், ஒரு கிணற்று மேடை, எல்லாவற்றையும் சோதித்து எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினான்கு. வழியில் ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, மைல்கல்லு மேல ஏறி நின்னுக்கினு இருக்கீங்க, உடம்புக்கு ஏதாவது...?" என்று கேட்டார். "அளவு பாக்கறோம்பா" என்றார் ஏகாம்பரம், சர்வேயர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

இரண்டாம் அமாவாசைக்கும் லீவு போட்டு, பையோடு தெருவில் பழகி, பிறகு அவர் வாடகைச் சைக்கிளில் கூட வர, மூன்றாம் மைல்கல் வரை போய் வந்தேன். இறங்கினேன், கல்லுக்குத் தள்ளினேன், ஏறினேன். எல்லாம் கல் கணக்கு எழுதிய தாளில் இருந்தபடி.

சோதனை நாள் வந்தது. எந்த வீட்டில் என்றைக்குப் பாவு என்று தெரு முழுக்க முன்னதாகவே கேட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு எங்கள் வழியில் ஒன்றும் இல்லை. சூரியன் கிளம்பியதும் வாசல் கல்லில் ஏறிச் சைக்கிளில் உட்கார்ந்தேன். பை பின்னால், ஊக்கு நான்கும் சரியாக. ஏகாம்பரம் கையை ஆட்டினார்.

தெருவின் வளைவு திரும்பியதும் பார்க்கிறேன், குறுக்கே பாவு! மறுநாள் நீட்டுவதாகச் சொன்ன தனக்கோட்டி அக்கா, கல்யாண ஆர்டர் அவசரம் என்று அன்றைக்கே நீட்டிவிட்டாள். மாம்பழ மஞ்சள் பட்டு, பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் இருபுறமும். "பாவு!" என்று யாரோ கத்தினார்கள். என் விரல்கள் தாமாகவே பிரேக்குக்குப் போய்விட்டன. சைக்கிள் தளர்ந்தது. இறங்கினால் அந்த முனைக் கல்லில் பாவின் கயிறே கட்டியிருக்கிறது, ஏற முடியாது. அடுத்த கல் அரை மைல் தள்ளி. தள்ளிக்கொண்டே போனால் எட்டு மணி நடக்காது.

"அக்கா! எறங்குனா ஏறத் தெரியாதுக்கா! தூக்குங்கக்கா!" என்று கத்தினேன்.

தனக்கோட்டி அக்கா ஒரு நொடிதான் பார்த்தாள். அவளுக்கும் அன்றைய தேதி தெரியும், தெருவுக்கே தெரியும். "கயித்தத் தளர்த்துங்கடா! புடிச்சுத் தூக்குங்கம்மா எல்லாரும்! கொடி அறுக்கிறவ வர்றா!" என்று கூவினாள். இருபுறமும் நின்றவர்கள் பாவுக்குள் கோத்திருந்த கோல்களைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கினார்கள். இழை ஒன்று அறாமல் அவ்வளவு பெரிய பாவு எழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, அதன் கீழே போனேன். வெயில் பட்டுக்குள் இறங்கி என் கையும் வெள்ளைச் சேலையும் மஞ்சளாக மாறின. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மறைக்கும், பாதை தெரியாது என்று அடக்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பின்னால் தெருவே கூச்சல் போட்டது. மணி அடித்தேன். இந்தத் தடவை தெரிந்தே அடித்தேன்.

நான்காம் மைல் தாண்டி ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. இறங்கினேன், மதகுச் சுவருக்குத் தள்ளினேன், ஏறினேன். திருப்புட்குழி மருத்துவ அறை வாசலில் ஜீப் நின்றது. டாக்டர் ஐயாவும் சுசீலம்மாவும் வெளியே நின்றிருந்தார்கள். மணி எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

சுசீலம்மா பையை அவிழ்த்தார். சோப்பு மேலே இருந்தது. துண்டு, பிரஷ், ஏப்ரன், எல்லாம் இடத்தில். மூடினார். அப்போது டாக்டர் சொன்னார், "வந்தது சரி. எங்க, ஏறிக் காட்டும்மா."

தரையிலிருந்து எனக்கு ஏறத் தெரியாது. ஆனால் பதினான்கு கல்லில் ஒன்று அங்கேயே இருந்தது, வேப்பமரத்தடியில் துணி துவைக்கும் கல். சைக்கிளை அங்கே தள்ளிக்கொண்டு போய், கல்லில் ஏறி நின்று, உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கல்லு இல்லாத எடத்துல?" என்றார்.

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினேன். "இந்த வழியில கல்லு இல்லாத எடம் இல்லீங்கய்யா. பதினாலு இருக்குது. ரெண்டு கல்லுக்கு நடுவுல எங்க எறங்குனாலும் எவ்ளோ தூரம் தள்ளணும்னு எழுதியிருக்கேன். மத்த ஊருங்களுக்கும் இப்டி எழுதிடுவேன்."

அவர் அந்தத் தாளை முழுக்கப் படித்தார், நோயாளியின் சீட்டைப் படிப்பது போல. பிறகு ஜீப்பின் பானெட்டிலேயே வைத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எனக்குத் திருப்புட்குழி கிடைத்தது. ஏகாம்பரத்தின் தறி அது இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் போன பிறகு சுசீலம்மா சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். வேறு யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு மணியை ஒரு தடவை அடித்தார். "ஒசரமா இருக்குது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

நான் இருந்த குஷியில் வாய் முந்திக்கொண்டது. "எந்தத் தேதிம்மா?" என்றேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எவருக்கும் காட்டாத டைரியை என் கையில் கொடுத்தார். அன்றைய பக்கத்தில் "திலகவதி. திருப்புட்குழி. எட்டு மணி" என்று இருந்தது. வந்தால் என்றோ, பார்க்கலாம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அன்று அவர் தள்ளியது போலவே தாள்களைத் தள்ளினேன். நாற்பத்து மூன்று நாளாக என்னைப் பயமுறுத்திய அந்த இரண்டாவது பக்கம் வந்தது. அதில் ஒரே சொல்தான் எழுதியிருந்தது. "நான்."

"அம்மா! இது என்னய மலைக்கு அனுப்பற தேதின்னு நெனச்சு, தெனம் பயந்துக்கினு இருந்தேனேம்மா!"

"உன்னையா? மலைக்கா?" என்று ஆச்சரியப்பட்டார் சுசீலம்மா. "நீ போயிட்டா எனக்கு யாரு கத்துக்குடுப்பாங்க?"

அவர் முகம் சிவந்திருந்தது. அப்படி ஒரு சுசீலம்மாவை நான் பார்த்ததே இல்லை. டைரியில் இருந்த தேதியை மறுபடி பார்த்தேன். "அம்மா, அன்னிக்கு எங்க தெருவுல பாவு இருக்கும். ரெண்டு நாள் தள்ளுனா அமாவாசை."

எழுதிய தேதியை ஒருநாளும் மாற்றாதவர், பென்சிலை எடுத்து அந்த "நான்" மேல் ஒரு கோடு இழுத்தார். இரண்டு தாள் தள்ளி, மறுபடி "நான்" என்று எழுதினார், இந்த முறை இன்னும் கொஞ்சம் பெரியதாக.

அவர் என்னைவிட நாலு விரல் குள்ளம். எங்கள் வாசல் கல் அவருக்குப் போதாது. அன்று சாயங்காலம் நானும் ஏகாம்பரமும் தெரு முழுக்க நடந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். இருப்பதிலேயே உயரமான கல் தனக்கோட்டி அக்கா வீட்டு வாசலில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எவ ஏறப் போறா?" என்றாள்.

"எங்க விசிட்டரம்மாக்கா."

"அமாவாசை அன்னிக்குத்தான?"

"அமாவாசை அன்னிக்குத்தான்."

"அப்ப வரச் சொல்லு" என்றாள் தனக்கோட்டி அக்கா. "கல்லக் கழுவி வெக்கறேன்."